அல்லியின் பாய்மரம்

பதினேழாவது மாடிக் கண்ணாடிக்கு வெளியே கயிற்றில் தொங்கியபடி மாலதி சோப்பு நுரையை வழித்துக்கொண்டிருந்தாள். உள்ளே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணி எழுந்து வந்து, வெள்ளைத்தாள் ஒன்றைக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்தாள். அதில் தமிழில் ஏதோ எழுதியிருந்தது.

மாலதிக்குத் தமிழ் பேச வரும். வாசிக்க நேரம் பிடிக்கும். தாராவி முனிசிபல் பள்ளிக்கூடத்தில் நாலாவது வரைக்கும்தான் தமிழ், பிறகு எல்லாம் இந்தி. நுரை வழிந்த கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து எழுத்தெழுத்தாகக் கூட்டினாள்.

"கீ... ழே... இற... ங்கி..."

பக்கத்துக் கயிற்றில் தொங்கிய ஹாஃபிஸா கத்தினாள். "ஏட்டி, அங்கன என்ன பண்ணிக்கிட்டு நிக்கே? மத்தியானத்துக்குள்ள இந்த வரிசைய முடிக்கணும்."

"எனக்கு லெட்டர் வந்திருக்குட்டி!"

"பதினேழாவது மாடிக்கா?"

இருவரும் தாராவியில் ஒரே சந்தில் வளர்ந்தவர்கள். உயரமான கட்டடங்களைக் கயிற்றில் இறங்கித் துடைக்கும் கம்பெனியில் நாலு வருஷமாக ஜோடியாக வேலை பார்க்கிறார்கள். ஒருத்தியின் முடிச்சை இன்னொருத்தி சரிபார்க்காமல் இருவரும் மாடி விளிம்பில் கால் வைத்ததில்லை. கம்பெனியில் மாலதி என்ற பெயரில் ஒரு மராத்திக்காரியும் இருந்ததால், தலைக்கவசம் மாறிப்போகாமல் இருக்க இவள் தன்னுடையதில் மார்க்கர் பேனாவால் தமிழில் பெயர் எழுதி வைத்திருந்தாள். அதைப் பார்த்துத்தான் அந்தப் பெண்மணி தமிழில் எழுதிக் காட்டியிருக்கிறாள்.

தாளில் இருந்தது இவ்வளவுதான்: "கீழே இறங்கியதும் என்னைப் பார்க்க முடியுமா? ஒரு பாய்மரம் இருக்கிறது."

"மரத்துக்கும் நமக்கும் என்ன?" என்றாள் ஹாஃபிஸா.

மத்தியானம் கட்டடத்து வாசலில் விஷயம் தெரிந்தது. அந்த அம்மாள் பெயர் ரஞ்சனா. மாட்டுங்காக்காரி, ஐம்பதை நெருங்குகிறவள், இன்ஷூரன்ஸ் வேலை. அவளும் அவள் தம்பி கேஷவும் சேர்ந்து பழைய பாய்மரப் படகு ஒன்றை வாங்கி நாலு வருஷம் ஆகிறது. படகின் பெயர் அல்லி. மழைக்காலத்தில் படகைக் கரையேற்றித் தார்ப்பாயால் மூடினார்கள். பாய்மரத்தை மட்டும் கழற்றாமல் விட்டுவிட்டார்கள்.

"நாலு மாசம் மழைல நின்னுடுத்து. இப்போ படகைத் தண்ணில இறக்கியாச்சு. ஆனா மாஸ்ட் முழுக்க உப்பும் பாசியும். ஞாயித்துக்கிழமை சீசனோட முதல் ரேஸ். மரத்தைக் கழட்டிக் கீழே போட்டு சுத்தம் பண்ணலாம்னா, கிளப்ல இருக்கற ஒரே க்ரேனை மாசக் கடைசி வரைக்கும் மத்தவா புக் பண்ணிட்டா." அவள் மூச்சு வாங்கிக்கொண்டாள். "காலைலேருந்து உன்னையே பாத்துண்டிருந்தேன். பதினேழாவது மாடில தொங்கிண்டு பாட்டுப் பாடிண்டிருக்கே. உன்னால ஏற முடியுமா?"

போனில் படத்தைக் காட்டினாள். சாம்பல் நிறத்தில் ஒரு நெடிய அலுமினியக் கம்பம். அதன் அடிப்பாகத்தில், பின்பக்கமாகப் படகின் நீளத்துக்குப் படுக்கையாக நீண்டிருந்தது இன்னொரு கம்பம்.

"அது பூம். பாயோட அடி விளிம்பு அதுல கட்டியிருக்கும். அதையும் பண்ணணும்."

"எத்தன அடி உசரம், மேடம்?"

"முப்பத்தஞ்சு."

மாலதியும் ஹாஃபிஸாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஹாஃபிஸாவுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது.

"மூணு மாடிதான் இருக்கும். அதுக்கு ஏணி போதுமே, மேடம்."

"ஏணியைத் தண்ணில எங்கே சாத்தறது?"

அந்தக் கேள்வியில்தான் மாலதிக்கு உறைத்தது. அது கடல். அவள் பிறந்த ஊரில் மூன்று பக்கமும் கடல். மாஹிம் கரையில் நின்று வேடிக்கை பார்த்திருக்கிறாள். ஒரு நாளும் அதன்மேல் போனதில்லை. நீச்சலும் தெரியாது. ஆனாலும் ஒரு தடவை போய்ப் பார்க்க வேண்டும் என்றிருந்தது. முதல் தடவை இருபதாவது மாடி விளிம்பில் பின்பக்கமாகச் சாய்ந்தபோது இருந்த அதே ஆசை.

"சனிக்கெழம வாரோம்," என்றாள்.

அவள் அம்மா பூமாரி அன்றைக்குச் சாப்பாட்டுத் தட்டை நங்கென்று வைத்தாள். மகள் இருபத்து நாலு மாடியில் தொங்குவதைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை சொல்லாதவள். "கடலுக்கா? கோட்டி பிடிச்சிருக்கா ஒனக்கு? விழுந்தா என்னட்டி செய்வே?"

"கட்டடத்துல இருந்து விழுந்தா மட்டும் என்னம்மா செய்வேன்?"

பூமாரி சாம்பாரை ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கெல்லாம் இருவரும் கொலாபா படகுத்துறையில் நின்றார்கள். சூப்பர்வைசர் கணேசபாண்டியன் பெரிய மனசு பண்ணி உடம்பில் மாட்டும் இரண்டு வார்ப்பட்டைகளும் கயிற்றைக் கவ்வி ஏறும் கருவிகளும் உட்காரும் பலகையும் கொடுத்தனுப்பியிருந்தார். ரஞ்சனாவின் தம்பி கேஷவ் துடுப்புப் படகோடு காத்திருந்தான். நாற்பது வயது, கண்ணாடி, தொப்பி, முகம் முழுக்க வெயிலுக்குப் பூசிய வெள்ளைக் களிம்பு.

அந்தச் சின்னப் படகில் காலை வைத்ததுமே அது ஒரு பக்கம் சரிந்தது. மாலதி பொத்தென்று உட்கார்ந்து இரண்டு விளிம்புகளையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அரை அடிக்குக் கீழே பச்சைத் தண்ணீர் சளப் சளப் என்று அடித்தது. அவளுக்கு வாயில் எச்சில் வற்றிவிட்டது.

"உன் மூஞ்சியப் பாக்கணுமே! போட்டோ எடுத்து அம்மாக்கு அனுப்பட்டா?" என்றாள் ஹாஃபிஸா. அவளும் ஒரு கையால் கேஷவின் பையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

முப்பது நாற்பது படகுகளுக்கு நடுவே அல்லி ஒரு மிதவையில் கட்டிக் கிடந்தாள். நீல நிறம், இருபத்தாறு அடி நீளம். படகின் உடம்பு பளிச்சென்று இருந்தது. பாய்மரம்தான் பார்க்கச் சகிக்கவில்லை. அடியில் பச்சைப்பாசி, நடுவில் கையை வைத்தால் சுண்ணாம்பு போல ஒட்டும் வெள்ளைத் தூள், உச்சியில் நாலு மாதப் பறவை எச்சம் தடித்துக் காய்ந்து தொப்பி மாதிரி உட்கார்ந்திருந்தது.

கேஷவ் எஃகுக் கம்பிச் சுருள் பாக்கெட்டை எடுத்து நீட்டினான். "இதை வச்சுத் தேச்சா எல்லாம் போயிடும். அடிலேருந்து ஆரம்பிச்சுடலாம்."

மாலதி அதை வாங்கித் திரும்பப் பையிலேயே போட்டாள்.

"இது அலுமினியம், சார். கம்பிச் சுருள் போட்டுத் தேய்ச்சா அதோட துணுக்கு உள்ள ஏறிரும். பத்து நாள்ல புள்ளி புள்ளியா துரு வரும். ஆபீஸ் பில்டிங் ஒண்ணுல புதுப் பசங்க அப்பிடித்தான் செஞ்சு வச்சானுவ. முகப்பு பூரா அம்மை போட்ட மாதிரி ஆயிட்டு." அவளுக்கு வேலைப் பேச்சு வந்ததும் கடல் மறந்துவிட்டது. "நல்ல தண்ணி, கொஞ்சம் சோப்பு, துணி. அது போதும். கீழ இருந்து செய்யக்கூடாது, மேல இருந்துதான் வரணும். இல்லன்னா மேல உள்ள அழுக்கு கழுவுன எடத்துலயே வழியும்."

முன்னாலேயே வந்து படகில் உட்கார்ந்திருந்த ரஞ்சனா தம்பியைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினாள். "கேட்டியா?"

"சரி. எப்படி ஏத்தறது? பெரிய பாயை ஏத்தற கயித்துல உன்னைக் கட்டி, நான் இந்த வின்ச் உருளைல சுத்தி மேலே ஏத்தறேன்."

"ஒத்தக் கயித்துலயா?"

"எல்லாரும் அப்படித்தான் ஏறறா."

"நாங்க ஏற மாட்டோம்," என்று ஹாஃபிஸாவும் மாலதியும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

மரத்தின் உச்சிக்குப் போய் வரும் இன்னொரு கயிறும் இருந்தது. முன்பக்கத்துச் சின்னப் பாயை ஏற்றுவது. இரண்டையும் கீழே இறுகக் கட்டச் சொன்னார்கள். ஒவ்வொன்றிலும் இருவரும் சேர்ந்து தொங்கிக் குதித்துப் பார்த்தார்கள். பிறகு ஒன்றில் ஏறு கருவிகளையும் மற்றதில் பாதுகாப்புப் பிடியையும் மாட்டிக்கொண்டு மாலதி தயாரானாள். ஹாஃபிஸா அவள் கொக்கிகளை ஒவ்வொன்றாகத் தொட்டு, இழுத்து, முதுகில் ஓர் அடி வைத்தாள்.

"போ."

மாலதி ஏறினாள். உட்கார், கால் மடக்கு, நில்; உட்கார், கால் மடக்கு, நில். கேஷவ் வின்ச் கைப்பிடியைக் கையில் வைத்துக்கொண்டு வாயைத் திறந்து பார்த்தபடி நின்றான். நாலு நிமிஷத்தில் உச்சி. ஒரு பக்கம் தாஜ் ஹோட்டல் குவிமாடம், மறு பக்கம் கப்பல்கள், தூரத்தில் உரண் மலை. மாலதிக்கு இந்த நகரத்தை உயரத்திலிருந்து பார்த்துப் பழக்கம். இந்தப் பக்கத்திலிருந்து பார்த்ததே இல்லை. "எம்மா!" என்று தன்னையறியாமல் கூவிவிட்டாள்.

அப்போதுதான் எலிஃபண்டா தீவுக்குப் போகும் படகு ஒன்று பக்கத்தில் கடந்து போனது.

அது கிளப்பிய அலை கீழே அல்லியை லேசாகத்தான் ஆட்டியது. ஆனால் கீழே ஒரு ஜாண் ஆட்டம் மேலே மூன்று முழம். பாய்மரம் இந்தப் பக்கம் சாய்ந்தது. மாலதிக்கு நேர் கீழே படகு இல்லை, தண்ணீர் இருந்தது. மறு பக்கம் சாய்ந்தது, அங்கேயும் தண்ணீர். கட்டடங்கள் அவளிடம் இப்படி நடந்துகொண்டதே இல்லை. இரண்டு கைகளாலும் இரண்டு கால்களாலும் மரத்தைக் கட்டிக்கொண்டாள்.

"இறங்கிடறயா?" கீழேயிருந்து ரஞ்சனாவின் குரல் பதறியது.

"ஒரு நிமிசம்!" கண்ணை மூடினாள். காலையில் தின்ற இட்லி தொண்டை வரை வந்து நின்றது. அடுத்த ஆட்டத்தில் கண்ணைத் திறந்து, மரத்தைப் பார்க்காமல் தூரத்து மலையைப் பார்த்தாள். மலை அசையவில்லை. வயிறு மெல்ல அடங்கியது. மரம் போகும் பக்கமே தானும் போனால் அது ஊஞ்சல்தான் என்று புரிந்தது. அடுத்த படகு கடந்தபோது அவள் சிரித்தாள்.

"ஹாஃபிஸா! இது ஜெயண்ட் வீல்ட்டி! டிக்கெட் இல்லாத ஜெயண்ட் வீல்!"

"வாளி அனுப்புதேன். வேலையப் பாரு!"

எச்சத் தொப்பியை முதலில் தண்ணீர் விட்டு ஊற வைத்தாள். பத்து நிமிஷம் கழித்து பிளாஸ்டிக் கரண்டியால் நெம்பினாள். கட்டி கட்டியாகப் பெயர்ந்து தண்ணீரில் விழுந்தது. துணியால் துடைத்தபோது உள்ளே இருந்த உலோகம் வெளியே வந்தது. படகின் மூக்கிலிருந்து மேலே வரும் தடித்த எஃகுக் கம்பி ஒன்று அங்கேதான் ஒரு குறுக்கு ஊசியில் மாட்டியிருந்தது. மரம் பின்பக்கமாகச் சாயாமல் பிடித்துக்கொண்டிருப்பது அந்தக் கம்பிதான் என்று கேஷவ் காலையில் சொல்லியிருந்தான்.

அந்த ஊசி பாதிக்கு மேல் வெளியே வந்திருந்தது.

மாலதி துணியைத் தோளில் போட்டுவிட்டு முகத்தைக் கிட்டே கொண்டுபோனாள். ஊசியின் நுனியில் ஒரு ஓட்டை. அந்த ஓட்டையில் ஏதாவது மாட்டியிருக்க வேண்டும், ஊசி நழுவாமல் இருக்க. ஒன்றும் இல்லை. துரு நிறக் கறை மட்டும். இத்தனை நாளும் ஊசியை அந்த இடத்தில் பிடித்து வைத்திருந்தது காய்ந்த எச்சம். அதைத்தான் அவள் இப்போது பெயர்த்துப் போட்டுவிட்டாள்.

படகு மெல்ல ஆடியது. ஊசி அவள் கண்முன்னால் ஓர் இழை வெளியே நகர்ந்தது.

"சார்!" அவள் குரல் மாறியிருந்தது. "முன் கம்பியோட ஊசி கழண்டு வருது! லாக் இல்ல!"

கேஷவின் முகம் களிம்பை மீறி வெளுத்தது. "சின்னப் பாய்க் கயித்தை முன்னால இழுத்துக் கட்டணும்! மரத்தை அது தாங்கும். ஹாஃபிஸா, அதை அவிழு!"

"அது அவளோட ரெண்டாவது கயிறு," என்றாள் ஹாஃபிஸா. அதன் முடிச்சின்மேல் கையை வைத்துக்கொண்டு நகரவில்லை. "அவ சொல்லாம அவுக்க மாட்டேன்."

"மரம் விழுந்தா அவளும்தான் விழுவா!"

மேலே மாலதிக்கு இரண்டும் கேட்டது. பயம் இல்லாமல் இல்லை. ஆனால் கை தானாக இடுப்புக்குப் போனது. எப்போதும் தொங்கும் இரண்டு கெட்டி நாடா வளையங்களில் ஒன்றை உருவினாள். இருபது ஆட்களைத் தாங்கும் நாடா. அதைக் கம்பி நுனியில் இருந்த வளையத்துக்குள் நுழைத்து, மரத்தின் உச்சித் தகட்டில் இருந்த இன்னொரு ஓட்டை வழியாக வாங்கி, இரண்டு முனைகளையும் கொக்கியில் மாட்டித் திருகிப் பூட்டினாள். இன்னொரு நாடாவையும் அதேபோல் போட்டாள். ஒன்று போதும், இரண்டு இல்லாமல் அவளுக்குத் தூக்கம் வராது.

"கட்டிட்டேன்! இனி ஊசி வெளிய வந்தாலும் கம்பி எங்கயும் போகாது. யாரும் ஒண்ணையும் அவுக்காதீங்க!"

கீழே மூன்று பேரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள்.

வாளியில் சுத்தியலும் குறடும் புதிய பூட்டுக் கம்பியும் வந்தன. ரஞ்சனாவும் கேஷவும் படகின் பின்பக்கத்துக் கம்பியைத் தளர்த்தி இழுவிசையைக் குறைத்தார்கள். ஹாஃபிஸா கீழேயிருந்து, "இப்ப அடி... இரு, அலை வருது... இப்ப!" என்று நேரம் சொன்னாள். நாலாவது அடியில் ஊசி கப்பென்று உள்ளே போய் உட்கார்ந்தது. மாலதி பூட்டுக் கம்பியை ஓட்டையில் நுழைத்து, அதன் இரண்டு கால்களையும் குறடால் விரித்து வளைத்து, எதிலும் மாட்டாமல் இருக்க மேலே டேப் சுற்றினாள். அதன் பிறகு கொஞ்ச நேரம் மலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஏட்டி, இருக்கியா?" என்றாள் ஹாஃபிஸா.

"இருக்கேன். இன்னொரு வாளி நல்ல தண்ணி அனுப்பு."

மிச்ச நாள் முழுவதும் வேலைதான். ஒவ்வொரு அடியாக இறங்கி, சோப்புத் தண்ணீரில் கழுவி, நல்ல தண்ணீர் விட்டு, துடைத்து, வெள்ளைத் தூளைப் பாலிஷ் போட்டு எடுத்தாள். திருகாணிகளைச் சுற்றிக் கொப்புளம் விட்டிருந்த இடங்களைப் பழைய பல்தேய்க்கும் பிரஷ்ஷால் சுரண்டினாள். பாய் ஏறி இறங்குவதற்காக மரத்தின் முதுகில் நெடுக ஒரு பள்ளம் ஓடியது. அதற்குள் உப்பும் மண்ணும் கெட்டிப்பட்டிருந்தன.

"அதுலதான் பாய் மாட்டிக்கும்," என்றான் கேஷவ். "போன சீசன்ல பாதி வழில நின்னுடுத்து, ஏறவும் இல்லை இறங்கவும் இல்லை. இருபது நிமிஷம். ரேஸே போச்சு. எண்ணெய் விட்டுப் பாத்தேன்."

"எண்ணெய் விட்டா இன்னும் தூசிதான் ஒட்டும், சார்." மாலதி துணிப் பட்டையைக் குச்சியில் சுற்றிப் பள்ளத்தை உச்சி முதல் அடி வரை மூன்று முறை துடைத்தாள். பிறகு பையிலிருந்து வெள்ளை மெழுகுவத்தி ஒன்றை எடுத்து உள்ளே நெடுகத் தேய்த்தாள். "ஸ்லைடிங் ஜன்னலுக்கு இதத்தான் போடுதோம். ஒரு விரல்ல தள்ளலாம்."

மூன்று மணிக்கு அவள் தளத்தில் இறங்கியபோது ஹாஃபிஸா அந்தப் படுக்கைக் கம்பத்தை முடித்திருந்தாள். அது மரத்தோடு சேரும் மூட்டைக் கழுவி, உலர்த்தி, மெழுகுப் பாலிஷ் போட்டு அதில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அல்லியின் பாய்மரம் அடி முதல் நுனி வரை வெயிலில் வெள்ளிக் குச்சி மாதிரி நின்றது. அக்கம்பக்கத்துப் படகுகளிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்.

கேஷவ் அவள் முன்னால் வந்து நின்றான். ஏதோ சொல்ல வந்து தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். "நான் பைனாகுலர்ல பாத்துட்டு எல்லாம் சரியா இருக்குன்னு அக்காகிட்ட சொன்னேன்," என்றான். "அந்த எச்சத்தைத்தான் பாத்திருக்கேன்."

ரஞ்சனா எல்லாருக்கும் டீ ஊற்றினாள். நாலு தம்ளர்களிலும் ஊற்றிவிட்டு, மாலதியின் தம்ளரைக் கொடுக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டாள். "எங்க மூணாவது ஆளுக்கு சிக்கன்குனியா. நாளைக்கு ரேஸுக்கு நீங்க ரெண்டு பேரும் வர்றேளா?"

"எங்களுக்கு ஒண்ணும் தெரியாதே, மேடம்!"

"கயிறு தெரியும். மத்ததை நான் சொல்றேன்."

ஹாஃபிஸா மாலதியைப் பார்த்தாள். மாலதி ஹாஃபிஸாவைப் பார்த்தாள். இருவரும் ஒரே குரலில், "சலோ!" என்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பது படகுகள். ஆரஞ்சு நிற மிதவை அங்கியோடு இருவரும் தங்கள் தலைக்கவசங்களையும் போட்டுக்கொண்டு வந்தார்கள். கேஷவ் சிரித்தான். முதல் திருப்பத்திலேயே, "தலை!" என்று ரஞ்சனா கத்த, மூன்று பேர் குனிய, ஹாஃபிஸா மட்டும் எந்தப் பக்கம் என்று திரும்பிப் பார்க்க, அவள் பளபளப்பாக்கிய அதே கம்பம் படகைக் குறுக்கே கடந்து வந்து டங்கென்று அவள் கவசத்தில் இடித்தது. கேஷவ் அதன் பிறகு சிரிக்கவில்லை.

மாலதி சுற்றும் முற்றும் பார்த்தாள். எஞ்சின் இல்லை, புகை இல்லை. ஆனாலும் அந்த வண்டி ஓடியது! காற்று பாயில் நிறைந்து படகு ஒரு பக்கம் சாய, எல்லாரும் மறு பக்க விளிம்பில் உட்கார்ந்து காலைத் தொங்கப் போட்டார்கள். தண்ணீர் பாதத்தை அடித்துக்கொண்டு ஓடியது. நேற்றுத் துடுப்புப் படகில் வற்றிய வாய் இன்று உப்புச் சாரலை நக்கிக்கொண்டிருந்தது.

ஆனால் அவர்கள் ஏழாவதாகத்தான் போய்க்கொண்டிருந்தார்கள். முன்னால் இருந்தவர்கள் பழம் தின்று கொட்டை போட்டவர்கள். தூரத்து மிதவையைச் சுற்றித் திரும்பியபோது உரண் பக்கத்து வானம் கறுத்திருந்தது. ஐப்பசி மாதத்து இடிமழை. தண்ணீரின் மேல் ஒரு கரிய கோடு அவர்களை நோக்கி ஓடி வந்தது.

"பத்து நிமிஷத்துல காத்து அடிச்சு நொறுக்கப் போறது," என்றாள் ரஞ்சனா. "பெரிய பாயை இறக்கி, அடில மூணுல ஒரு பங்கை மடிச்சுக் கட்டிட்டு மறுபடி ஏத்தணும்."

"அக்கா, பாதில மாட்டிண்டா?" கேஷவ் கேட்டான். "பேசாம இப்பவே திரும்பிடலாம். அவா எல்லாம் பாயைத் தொடலை, பாரு."

அது உண்மை. முன்னால் போன படகுகள் முழுப் பாயோடுதான் ஓடின. ரஞ்சனா மாலதியைப் பார்த்தாள். "இறங்குமா?"

"எறங்கும், மேடம்."

"சரி. படகைக் காத்துக்கு நேரா திருப்பறேன். நான் சொன்னதும் விடு."

படகு திரும்பியது. பாய் சடசடவென்று அடித்துக்கொண்டது. "விடு!" மாலதி கயிற்றைத் தளர்த்தினாள். பாய் விர்ரென்று இறங்கி வந்து கேஷவின் தலைமேல் மொத்தமாக விழுந்தது. உள்ளேயிருந்து, "இறங்கிடுத்து! இறங்கிடுத்து!" என்று அவன் குரல் மட்டும் வந்தது. ஹாஃபிஸா அவனைத் தோண்டி எடுத்தாள். இருவரும் அடிப்பாகத்தை மடித்துக் கம்பத்தோடு சேர்த்துக் கட்டினார்கள். ஹாஃபிஸாவின் முடிச்சுகள் வரிசையாக விழுந்தன. மாலதி கயிற்றைப் பிடித்துக் கையும் கையுமாக இழுக்க, சுருங்கிய பாய் ஒரே மூச்சில் மேலே போனது.

அடுத்த நிமிஷம் காற்று வந்து மோதியது.

மழை ஊசியாகக் குத்தியது. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. அல்லி சாய்ந்தாள், நிமிர்ந்தாள், மூக்கை அலைக்குள் விட்டு வெளியே எடுத்தாள். மாலதி விளிம்பில் தொங்கிக்கொண்டு அண்ணாந்து பாய்மரத்தைப் பார்த்தாள். அவள் அடித்த ஊசி, அவள் வளைத்த பூட்டு அங்கே மேலே. மரம் நடுங்கியது, நின்றது. "விடாத! விடாத!" என்று அதைப் பார்த்துக் கத்தினாள். பக்கத்தில் ஹாஃபிஸாவும் கத்தினாள். ரஞ்சனா சுக்கான் பிடியை இரண்டு கைகளாலும் அணைத்துக்கொண்டு, வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

மழைக்குள் ஒரு படகு தெரிந்தது. படுத்தே விட்டது போலச் சாய்ந்து கிடந்தது. அதன் பாய் பாதி இறங்கிய நிலையில் மாட்டிக்கொண்டு படபடத்தது. அதன் ஆட்கள் பாயைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தார்கள். ரஞ்சனா பக்கத்தில் ஓட்டிப்போய், "எல்லாரும் இருக்கேளா? உதவி வேணுமா?" என்று இந்தியில் கத்தினாள். வேண்டாம் என்று கட்டை விரலைக் காட்டினார்கள். அதைக் கடந்தபின் இன்னொன்று. அதற்கு அப்புறம் இரண்டு படகுகள் ரேஸை விட்டு ஓரம் ஒதுங்கி நின்றன.

கால் மணி நேரத்தில் மழை விலகியது. காற்று தளர்ந்தது. "முழுப் பாய்!" என்றாள் ரஞ்சனா. மடிப்பை அவிழ்த்து மாலதி இழுத்தாள்; பாய் வழுக்கிக்கொண்டு உச்சிக்குப் போனது. முன்னால் இரண்டே இரண்டு படகுகள். கோட்டைத் தாண்டியபோது ரேஸ் முடிவில் வழக்கமாக வெடிக்கும் பீரங்கிக்குப் பதிலாக யாரோ ஒரு ஹாரன் அடித்தார்கள். மூன்றாவது இடம்.

கேஷவ் விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு மறுபடி எண்ணினான். "அக்கா, மூணு! நாம மூணு!" ஐந்து வருஷத்தில் முதல் தடவை அவர்கள் கடைசி நாலுக்குள் வரவில்லையாம். நாலு வருஷம்தானே என்று ரஞ்சனா திருத்தினாள். ஹாஃபிஸா எழுந்து நின்று, கவசத்தைக் கழற்றி ஆட்டி, கரையைப் பார்த்து விசில் அடித்தாள்.

முதலாவதாக வந்த படகு பக்கத்தில் ஒதுங்கியது. அதன் தலைவர், வெள்ளைத் தாடிக்காரர், அல்லியின் மரத்தையே பார்த்துக்கொண்டு, யார் செய்தது என்று கேட்டார்: "கிஸ்னே கியா?"

ரஞ்சனா இருவரையும் காட்டினாள்.

"அடுத்த சனிக்கிழமை என் படகுக்கு வர முடியுமா?" என்று அவர் இந்தியில் கேட்டார். பதில் சொல்வதற்குள் அவருக்குப் பின்னால் வந்த படகிலிருந்து இன்னொருவர், "எனக்கு ஞாயிறு!" என்று கை தூக்கினார்.

"ரெண்டு கயிறு இருக்கணும்," என்றாள் ஹாஃபிஸா, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு. "ஒத்தக் கயிறுன்னா வர மாட்டோம். போல் தியா, சொல்லிட்டேன்."

துறையை நோக்கித் திரும்பும்போது ரஞ்சனா நகர்ந்து உட்கார்ந்து, தன் பக்கத்தில் இடத்தைத் தட்டிக் காட்டினாள். "மாலதி, இங்கே வா. பிடி."

"நானா?"

"வேற யாரு?"

மாலதி சுக்கான் பிடியைத் தொட்டாள். அது உயிருள்ளது போல உள்ளங்கையில் துடித்தது. கரை வலப்பக்கம் தெரிய, பிடியை வலப்பக்கமாகத் தள்ளினாள். படகு மரியாதையாக இடப்பக்கம் திரும்பிக் கடலைப் பார்த்து ஓட ஆரம்பித்தது.

"ஏட்டி, வீடு அங்கன இருக்கு!" என்றாள் ஹாஃபிஸா.

"உல்டாவாக்கும்," என்று ரஞ்சனா சிரித்தாள். "போக வேண்டிய பக்கத்துக்கு எதிர்ப் பக்கம் தள்ளணும். மெதுவா."

மாலதி மெதுவாக எதிர்ப் பக்கம் தள்ளினாள். அல்லி வளைந்து திரும்பினாள். பாய் ஒரு முறை தட்டி மறுபடி நிறைந்தது. ஈரத் துணியோடு, உப்புப் பூத்த முகத்தோடு அவள் நேராக உட்கார்ந்தாள். துறைக்கு இன்னும் அரை மைல் இருந்தது. அவர்களுடைய மிதவை நெருங்கி வந்தபோது ரஞ்சனா பிடியை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினாள்.

"இன்னும் ஒரே ஒரு ரவுண்டு, மேடம்," என்றாள் மாலதி. "நான் பிடிக்கேன்."

ரஞ்சனா கையை இழுத்துக்கொண்டாள். கேஷவ் முணுமுணுத்துக்கொண்டே கயிறுகளைத் தயார் செய்தான். மாலதி, "தலை!" என்று கத்தினாள். மூன்று பேரும் குனிந்தார்கள்.